நூலகரிடம் கேளுங்கள்: சிதம்பரம் பற்றி வந்த அந்தச் செய்தி

கேள்வி: எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. ‘சிதம்பரம், காளஹஸ்தி, காஞ்சிபுரம் கோயில்கள் மூன்றும் 79 டிகிரி 41 நிமிடத் தீர்க்கரேகையில் ஒரே நேர்கோட்டில் உள்ளன. நடராஜரின் கால் பெருவிரல் இருக்கும் இடமே பூமியின் காந்த மையம் என்று வெளிநாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். கூரையில் உள்ள 21,600 பொன் ஓடுகள் நாம் ஒரு நாளில் விடும் மூச்சைக் குறிக்கின்றன’ என்கிறது. மறுக்க மனம் வரவில்லை, நம்பவும் முடியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், விருத்தாசலம்

பதில்: ஐயா, அதை ஒரே செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் தனித்தனி வாக்கியமாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் சாட்சி வேறு வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் நேர்கோடு. இதற்கு யாரையும் கேட்க வேண்டாம், கைபேசி போதும். கூகுள் மேப்பில் கோயிலின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். இரண்டாவது எண்தான் தீர்க்கரேகை. சிதம்பரம் 79.69, காளஹஸ்தியும் காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலும் 79.70. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். அந்தக் கணக்கில் மூன்றும் 79 டிகிரி 41, 42 நிமிடங்களை ஒட்டியே வருகின்றன. ஆக, இந்த வாக்கியம் ஏறக்குறைய சரி. எல்லாம் பொய்தான் என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டு போகிறவருக்கு இது கண்ணில் படாது. கண்ணை மூடி நம்புகிறவரைப் போலவே அவரும் பார்க்காமல்தான் பேசுகிறார்.

அப்புறம் இன்னொரு வேலையும் செய்யுங்கள். இந்த மூன்றும் சேர்ந்த பஞ்சபூதத் தலங்கள் மொத்தம் ஐந்து. மீதி இரண்டு எங்கே? திருவண்ணாமலை 79.07, திருவானைக்காவல் 78.71. இரண்டும் அந்தக் கோட்டில் இல்லை. திருவானைக்காவல் நூறு கிலோமீட்டருக்கு மேல் மேற்கே தள்ளியிருக்கிறது. செய்தியை எழுதியவர் இவற்றைப் பற்றி மூச்சே விடவில்லை. சொல்லாமல் விட்டது என்ன என்று தேடும் பழக்கம் நம்மில் பலருக்கு இன்னும் வரவில்லை.

காந்த மையத்துக்கு வருவோம். பூமியின் காந்தத்துக்கு நடு என்று சொல்லக்கூடியது காந்த நடுக்கோடு. காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் இடங்களைச் சேர்த்து, உலகைச் சுற்றி வந்து மூடிக்கொள்ளும் கோடு அது. அதற்கு மையப்புள்ளி என்று ஒன்று கிடையாது. அது ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை, ஆண்டுகள் போகப்போக நகர்கிறது. இந்தியாவில் அது தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டின் முதல் ராக்கெட்டை ஏவ, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவை விக்ரம் சாராபாய் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, அந்தக் கோடு பக்கத்தில் போகிறது என்பதுதான். தும்பாவின் அட்சரேகை எட்டரை டிகிரி. சிதம்பரம் 11.4. வடக்குத் தெற்காக மட்டும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். இந்த விஷயத்தில் பேசத் தகுதியுள்ளது இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம். அவர்களுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலேயே ஓர் ஆய்வகம் இருக்கிறது. ‘வெளிநாட்டு விஞ்ஞானிகள்’ என்கிறார்களே, எந்த விஞ்ஞானி, எந்த ஆண்டு, எந்த ஆய்விதழ்? மூன்றில் ஒன்றாவது இல்லாவிட்டால் அந்த வாக்கியத்தில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

பொன் ஓடு வேறு வகை. நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் ஒரு நாளைக்கு 21,600. கணக்கு இடிக்கவில்லை. ஆனால் ஓட்டுக்கு மூச்சு என்று பொருள் சொல்வது மரபு. அதற்குச் சாட்சி தலபுராணத்திலும் கோயில் வழக்கிலும் இருக்கும், ஆய்வகத்தில் இருக்காது. குழுவில் பதில் எழுதும்போது இந்த வேறுபாட்டை நீங்களே சொல்லுங்கள். தமிழாசிரியர் சொன்னால் எடுபடும். தேவாரப் பாடல் பெற்ற தலத்துக்குப் பெயரில்லாத விஞ்ஞானியின் சான்றிதழ் தேவையில்லை என்பதையும் சேர்த்தே எழுதலாம்.

கேள்வி: தகவலைத் தேடிச் சரிபார்க்கும் திறனை 1 முதல் 5 வரை நாங்களே மதிப்பிட வேண்டும் என்று கல்லூரியில் ஒரு தாள் கொடுத்தார்கள். நான் 4 போட்டேன். அது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– பி.எட். மாணவி, பாளையங்கோட்டை

பதில்: அந்த 4 உங்கள் தைரியத்தின் மதிப்பெண், அம்மா. திறமைக்கு வேறு அளவு வேண்டும். 1999-இல் டன்னிங், க்ரூகர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் கடைசிக் கால்வாசியில் இருந்தவர்கள் தாங்கள் சராசரிக்கு மேலே இருப்பதாகவே நினைத்தார்கள்.

படிப்பு மிகுந்தவர்களும் இதில் தடுமாறுவார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைன்பர்க், மக்ரூ இருவரும் வரலாற்று முனைவர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பவர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து எடைபோடச் சொன்னார்கள். முனைவர்களும் மாணவர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே சுற்றி, அழகான சின்னத்தையும் முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். செய்தி சரிபார்ப்பவர்கள் உடனே வெளியே வந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

உங்களுக்கு ஒரு நோட்டு போதும். சந்தேகமான செய்தி வந்தால், தேடுவதற்கு முன்பே ‘உண்மை’ அல்லது ‘பொய்’ என்றும், எவ்வளவு உறுதி என்றும் எழுதிவிடுங்கள். முன்பே எழுதுவது முக்கியம். விடை தெரிந்தபின் ‘எனக்கு அப்போதே தெரியும்’ என்று மனது மாற்றிக்கொள்ளும். பிறகு கடைசியில் எந்த ஆவணத்தில் முடிந்தது என்று குறியுங்கள். பள்ளி விடுமுறை, ஆசிரியர் தேர்வு பற்றி வதந்திகள் உங்களுக்கு நிறைய வரும். அங்கே முடிவிடம் அரசாணை. எண், நாள், துறை மூன்றும் கையில் கிடைக்கும்வரை ‘சரிபார்த்தேன்’ என்று எழுதாதீர்கள். ஏஐ செயலி புத்தகப் பெயரும் பக்க எண்ணும் சொன்னாலும் இதே விதிதான். நூலகப் பட்டியலில் அந்தப் புத்தகம் உண்டா என்று பாருங்கள், பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இல்லாத புத்தகத்துக்கும் அது பக்க எண் கொடுக்கும்.

ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டுங்கள். ‘முழு உறுதி’ என்று எழுதியவற்றில் எத்தனை தவறாயின என்பது ஒரு அளவு. உங்களுக்குப் பிடித்த கட்சியையும் நடிகரையும் புகழ்ந்து வந்த செய்திகளில் எத்தனையைச் சரிபார்த்தீர்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

கேள்வி: தாத்தா 1930-களில் ஒரு மாத இதழில் எழுதினார் என்கிறார்கள். கூகுளில் எதுவும் வரவில்லை. அப்படியானால் இல்லை என்று அர்த்தமா?
– எம்.ஏ. மாணவர், காரைக்குடி

பதில்: இல்லவே இல்லை, தம்பி. பழைய இதழ்கள் இணையத்தில் ஏறியிருந்தாலும் பெரும்பாலும் படமாகத்தான் இருக்கும், உள்ளே உள்ள எழுத்து தேடலில் சிக்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை வடிவங்களைக் கணினி தப்பாகப் படிக்கவும் செய்யும். அதனால் தாத்தா பெயரை விட்டுவிட்டு, இதழின் பெயரைக் கொண்டு தமிழ் மின்னூலகத்தில் தேடுங்கள். ராமசாமி, இராமசாமி என்று எழுத்து மாற்றியும் பாருங்கள். கிடைக்காவிட்டால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ஒருவர் சேர்த்த புத்தகங்களைக் கொண்டு 1994-இல் தொடங்கியது அது. பிறகு எழும்பூர் கன்னிமாரா. போகும்முன் இதழின் பெயர், வெளியான ஊர், தோராயமான ஆண்டு, தாத்தாவின் புனைபெயர் இவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி எடுத்துப் போங்கள். மேசையில் இருப்பவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.