சொப்பு வைத்து விளையாடும் மகன்

கேள்வி: என் மகன் எல்.கே.ஜி. படிக்கிறான். நவராத்திரிக்கு மயிலாப்பூர் மாட வீதியில் அக்காவுக்கு வாங்கிய மரச்சொப்பில் நாள் முழுவதும் சோறு பொங்கி விளையாடுகிறான். "ஆம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு?" என்று மாமனார் அதை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகளோ, "பசங்களுக்குத்தான் கணக்கு நல்லா வரும்" என்கிறாள். பெரியவர் மனம் நோகாமல் என்ன செய்யலாம்?
— வாசகி, வில்லிவாக்கம்

பதில்: முதலில் சொப்பைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுங்கள். வெறுஞ்சட்டியைக் கிளறி, ஊதி ஆறவைத்து, "உப்பு சரியா பாரும்மா" என்று நீட்டுகிற பிள்ளை, வீட்டில் தினமும் காண்பதைத்தான் செய்து பார்க்கிறான். கைப்பழக்கமும் பேச்சும் அடுத்தவர் பசியை நினைக்கும் குணமும் அவனிடம் அப்படித்தான் வளர்கின்றன. மாமனாரின் அச்சத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. சென்னையின் ஓட்டல்களில் தோசைக்கல் முன் நிற்பவர்களும் கல்யாணச் சமையலுக்கு வருபவர்களும் பெரும்பாலும் ஆண்களே என்பதை அவரும் அறிவார். சம்பளத்துக்குச் செய்தால் ஆணின் தொழில், வீட்டில் செய்தால் பெண்ணின் கடமை என்று நாம் பிரித்து வைத்திருப்பதால்தான், 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரியவந்தது. பிள்ளைகள் இதையும் பார்த்துக்கொண்டேதான் வளர்கிறார்கள். ஆகவே, உங்கள் கணவர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பது எந்தப் புத்திமதியையும்விடப் பயன் தரும்.

மகள் சொன்னதைத்தான் நான் அதிகக் கவலையோடு படித்தேன். 2017இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஐந்து வயதில் சிறுமியரும் சிறுவரும் தத்தம் பாலினரையே மிகுந்த அறிவாளிகளாகக் கருதினார்கள். ஆறு வயதிலிருந்து சிறுமியரிடம் அந்த எண்ணம் குறையத் தொடங்கியிருந்தது. உங்கள் மகள் அந்த வயதில்தான் இருக்கிறாள். "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று அதட்டினால் வாயை மூடிக்கொள்வாளே தவிர, எண்ணம் மாறாது. யார் சொன்னார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள். வகுப்பறையில் கேட்ட பேச்சென்றால் ஆசிரியையிடம் பேசுங்கள். காய்கறிக் கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கும் வேலையை அவளிடம் விடுங்கள். விடை தவறினாலும் அவள் எப்படி யோசித்தாள் என்று கேட்டுப் பாராட்டுங்கள். "எனக்கும் கணக்குன்னா பயம்" என்று அவள் காதுபட நீங்கள் சொல்லவே வேண்டாம்.

மாமனாரிடம் உங்கள் கணவர் பேசட்டும். மருமகள் சொன்னால் எதிர்த்துப் பேசுவதாகத் தோன்றும் பேச்சு, மகன் வாயிலிருந்து வந்தால் எடுபடக்கூடும். பிள்ளைகள் தூங்கிய பிறகு, "உங்க பேரன் நாளைக்கு வெளியூரில் தனியாத் தங்கிப் படிச்சா, அவனே சமைச்சுச் சாப்பிடத் தெரிய வேண்டாமாப்பா?" என்று அவர் கேட்டு வைக்கலாம். அதற்கும் மாமனார் இசையாவிட்டால், வாதத்தை வளர்க்காமல், சொப்பை மட்டும் பிள்ளைகள் இருவருக்கும் கையெட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.