அடிதடி வழக்கு இருந்தால் லாரி ஓட்ட முடியாதா?

கேள்வி: எனக்கு வயது 27. கார் ஓட்டும் லைசென்ஸ் 2022 முதல் இருக்கிறது. மாமாவின் லாரியில் கிளீனராகவும் போய் வந்திருக்கிறேன். 2021இல் ஊர்த் திருவிழாவில் நடந்த கைகலப்பில் என்மீதும் வழக்குப் போட்டார்கள். சில வாய்தாக்களுக்குப் பிறகு ஃபைன் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். கேஸ் முடிந்துவிட்டது என்றார் வக்கீல். இப்போது ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போனால், கேஸ் உள்ளவர்களுக்கு இங்கே கிடைக்காது, 40,000 ரூபாய் கொடுத்தால் வெளிமாநிலத்தில் எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஏஜென்ட். நான் லாரி டிரைவராக முடியுமா? (வாசகர், சங்ககிரி)

பதில்: முடியும். அந்த ஏஜென்டிடம் பணம் கொடுக்காதீர்கள். அசல் லைசென்ஸையோ ஆதாரையோ அவரிடம் விட்டு வைத்திருந்தால் இன்றே போய் வாங்கிவிடுங்கள்.

கனரக வாகன உரிமத்துக்கு 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்றும், அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளி தரும் படிவம் 5-ம் வேண்டும். எல்.எல்.ஆர். பெற்று 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனையையும் 2019இல் எடுத்துவிட்டார்கள். இவற்றில் எங்கும் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று இல்லை. பயணிகளை ஏற்றும் பேருந்து, டாக்சி பற்றி நீங்கள் கேட்கவில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

உங்களைப் பயமுறுத்தப் பயன்படுவது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 19ஆவது பிரிவு. குற்றம் புரிவதையே வழக்கமாகக் கொண்டவர், குடிக்கோ போதைப் பொருளுக்கோ அடிமையானவர் போன்றோரின் உரிமத்தை ரத்து செய்யவும், குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் பெறத் தடை விதிக்கவும் அந்தப் பிரிவு உரிமம் வழங்கும் அலுவலருக்கு அதிகாரம் தருகிறது. ஒரு திருவிழாக் கைகலப்பு யாரையும் அந்த வகையில் சேர்த்துவிடாது. ஆனால் அதே பிரிவில், மோசடியாலோ பொய்த் தகவலாலோ உரிமம் பெற்றவரும் இருக்கிறார். வெளிமாநிலத்தில் நீங்கள் குடியிருப்பதாகப் பொய் முகவரி காட்டி ஏஜென்ட் எடுத்துத் தரப்போகும் உரிமம் இந்த வகைதான். உங்கள் வழக்கு உங்களை 19ஆவது பிரிவுக்குள் கொண்டுபோகவில்லை, அவருடைய 'உதவி' கொண்டுபோகும். அது போலி அட்டையாகவே இருந்துவிட்டால் இன்னும் மோசம். உரிம எண்ணையும் பிறந்த தேதியையும் வைத்து லாரி உரிமையாளர் தன் கைபேசியிலேயே பரிவாகன் தளத்தில் சரிபார்த்துவிடுகிறார். அவர் பார்க்காமல் வண்டியைக் கொடுத்து, விபத்தும் நடந்துவிட்டால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடம் வசூலிக்க வரும். அவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்.

இந்தப் பிரிவில் இன்னொரு வகையை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துப் பையன்கள் அதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். காவல்துறை நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றத்துக்கு மோட்டார் வாகனத்தைப் பயன்படுத்தியவரின் உரிமத்தின் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். அனுமதிச் சீட்டு இல்லாமல் இரவில் மணல் ஏற்றிய டிப்பர், ரேஷன் அரிசி ஏற்றிய வேன் ஆகிய வழக்குகளில் 'ஒரு நடைக்கு ஓட்டிக் கொடு' என்று அழைக்கப்பட்ட ஓட்டுநரே முதலில் பிடிபடுகிறார். வண்டியின் முதலாளி பெயர் பல நேரம் எஃப்.ஐ.ஆரில்கூட இருப்பதில்லை. ஒருவரைக் கல்லால் அடித்த வழக்கைவிட, வெளியே சாதாரணமாகத் தெரியும் மணல் வழக்குதான் ஓட்டுநரின் பிழைப்புக்கு ஆபத்து. அப்போதும் உரிமம் தானாகப் போய்விடாது: உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே, காரணங்களை எழுதியே ஆணையிட வேண்டும், அந்த ஆணையை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உங்கள் கைகலப்பில் வண்டியைக் கொண்டு யாரையும் இடிக்கவில்லை என்றால் இந்தப் பத்தி உங்களுக்குப் பொருந்தாது. உரிமம் வந்த பிறகு யாராவது 'ஒரு நடை' என்று கூப்பிட்டால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, 'கேஸ் முடிந்துவிட்டது' என்று உங்கள் வக்கீல் சொன்னதற்கு வருவோம். இப்படிப்பட்ட தகராறுகளில் நம் காவல் நிலையங்கள் வழக்கமாக எழுதிவந்த பிரிவுகள் இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) (ஆபாசப் பேச்சு), 323 (காயப்படுத்துதல்), 506(2) (கொலை மிரட்டல்). 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் வந்ததால் எண்கள் மாறியிருக்கின்றன. பல வாய்தா அலைந்து சலித்தவரிடம், 'ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டிவிடு, வேலை முடிந்தது' என்பது நீதிமன்ற வராந்தாவில் தினமும் கேட்கும் யோசனை. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஒப்புக்கொண்ட பிறகு மேல்முறையீட்டில் தண்டனையின் அளவைப் பற்றித்தான் பேச முடியும். ஆகவே நீங்கள் பெரும்பாலும் தண்டனை பெற்றவர், விடுதலை ஆனவர் அல்லர். இன்னும் வழக்கு நிலுவையில் உள்ளவர்கள் ஒப்புக்கொள்ளும் முன், 1958ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி (தண்டிக்காமல், ஒழுங்காக நடக்கும் உறுதியின் பேரில் விடுவது) விடுவிக்கும்படி வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்; அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு வராது.

நிச்சயமாகத் தெரிந்துகொள்ள, அந்த நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். ஒரு பக்கத் தீர்ப்புக்கு 'நாளை வா' என்று எத்தனை முறை சொல்வார்கள் என்பது நகல் பிரிவின் மனநிலையைப் பொறுத்தது. வழக்கின் கதி இணையத்தில் தெரியும் காலத்திலும், அந்தக் காகிதத்துக்காக ஒரு கூலிக்காரர் தன் நாட்கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் நில்லுங்கள், ஏனெனில் வழக்கு முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் காவல்துறைப் பதிவில் அது 'விசாரணையில்' என்றே கிடப்பது புதிதல்ல. அதைத் திருத்த உங்களிடம் இருக்கப்போகும் ஒரே ஆயுதம் அந்த நகல்.

அதே வேளையில் உங்கள் பெயரில் பிடிவாரண்டு எதுவும் தொங்குகிறதா என்பதையும் பாருங்கள். வழக்கு முடியாமலே முடிந்ததாக நம்பி, வடமாநில லோடுக்குப் போன ஓட்டுநர், வராத வாய்தாக்களுக்காக ஊர் திரும்பியதும் கைதாவது நடக்கிறது. ஜாமீனில் இருப்பவர், தினமும் காலையில் நிலையத்தில் கையெழுத்திடும் நிபந்தனை தளர்த்தப்படும் வரை வெளிமாநில லோடுக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

வேலை விஷயத்தில், உங்கள் ஊரிலும் நாமக்கல், திருச்செங்கோட்டிலும் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் பார்ப்பது உரிமத்தையும், உங்களுக்காகப் பேசத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பதையும்தான்; அங்கே உங்கள் மாமா போதும். எரிவாயு டேங்கர், பெரிய நிறுவனங்களின் கண்டெய்னர் வண்டி ஆகியவற்றுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு கேட்பது வழக்கம். அந்தப் படிவத்தில் தண்டனை பற்றிக் கேட்டால், 'ஆம்' என்று எழுதி நகலை இணையுங்கள். 'ஒன்றும் வராது, இல்லை என்று போடு' என்று பக்கத்தில் நின்று சொல்பவர் அந்த நிறுவனத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கமிஷன்காரர். பின்னால் வேலை போகும்போது அவருக்கு நட்டமில்லை.

ஹெவி உரிமம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகுரக உரிமத்துடனே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. மினி லோடு வண்டி ஓட்டிக்கொண்டே பயிற்சிப் பள்ளிக்குப் போகலாம். டேங்கர் பக்கம் போக விருப்பம் இருந்தால், ஹெவி உரிமம் வந்த பிறகு அபாயகரமான சரக்குக்கான மூன்று நாள் பயிற்சியை அங்கீகாரம் பெற்ற மையத்தில் நேரில் உட்கார்ந்து முடியுங்கள். வகுப்புக்குப் போகாமலே சான்றிதழ் தருவதாக உங்கள் ஏஜென்ட் மறுபடியும் வருவார்.