கிம்பல் மவுண்ட்டை இறுக்கினால் ட்ரோன் வீடியோவில் வரும் நெளிவு போகுமா?

கேட்டவரின் நிலைமை இது: சொந்தமாகக் கட்டிய 450 ஃபிரேம் (மூலைக்கு மூலை 450 மி.மீ. ட்ரோன்), அடியில் கோப்ரோ கேமரா மாட்டிய கிம்பல், அதாவது கேமரா சாயாமல் மோட்டாரால் நிலைநிறுத்தும் தாங்கி. வீடியோ முழுக்க நெளிகிறது. ட்ரோனுக்கும் கிம்பலுக்கும் நடுவே அதிர்வைத் தடுக்கும் ரப்பர் குண்டுகளைக் கழற்றிவிட்டு போல்ட் போட்டு முறுக்கிப் பார்த்தாராம், இன்னும் மோசமாகிவிட்டது.

மோசமாகத்தான் ஆகும். நானும் இதே வேலையைச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். தோப்புக்கு மேலே எடுத்த என் முதல் வீடியோவில் தென்னை மரமெல்லாம் பாம்பு மாதிரி நெளிந்தது. ஒரு மாதம் கிம்பல் போர்டைத் திட்டிக்கொண்டு இருந்தேன். கோளாறு போர்டில் இல்லை, அதைத் தாங்கிய தகட்டில் இருந்தது.

ஹோவரில் (ட்ரோன் அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும்போது) மோட்டார் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 100. ப்ரொப்பெல்லரில் ஒரு பக்கம் எடை கொஞ்சம் கூடினாலும் ஃபிரேமுக்கு வினாடிக்கு 100 தட்டு விழுகிறது. கேமரா சென்சாரோ ஒரு படத்தை வரி வரியாகத்தான் படிக்கிறது. படித்து முடிப்பதற்குள் கேமரா ஓரிரு தடவை ஆடிவிட்டால் நேர்க்கோடு அலையாகிவிடும். கிம்பல் மோட்டார் இதைச் சரிசெய்யாது. அது மெதுவான சாய்வைச் சமாளிக்கும், 100 ஹெர்ட்ஸ் நடுக்கம் அதன் வேகத்துக்கு அப்பாற்பட்டது.

அதனால் முதல் வேலை ப்ரொப்பெல்லரை பேலன்ஸ் செய்வது. தூக்கலாக நிற்கும் இலையில் சின்னத் துண்டு செல்லோடேப் ஒட்டினால் போதும். மோட்டார் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதைச் செய்யாமல் மவுண்ட்டைத் தொடுவது வீண்.

அப்புறம் தகடு, ஃபிரேமில் ஸ்க்ரூ போட்டு கிம்பலைத் தொங்கவிடும் மேல்தகடு. கிம்பலோடு வந்த என் தகடு 1.5 மி.மீ. கண்ணாடி ஃபைபர். பேட்டரிக்கு இடம் விட, கடைசி ஸ்க்ரூவிலிருந்து 60 மி.மீ. முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. நுனியை விரலால் சுண்டினேன். ஸ்கேலை மேசை விளிம்பில் வைத்துத் தட்டினால் வருமே, அதே 'டுர்ர்' சத்தம். மோட்டார் போடும் தட்டும் இந்த 'டுர்ர்'ரும் ஒரே அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் நடுக்கம் பல மடங்காகும். அதற்குக் கீழே எவ்வளவு நல்ல ரப்பர் போட்டாலும் திணறும்.

தகட்டின் விறைப்பு தடிமனின் முப்படியில் ஏறும், நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தின் முப்படியில் இறங்கும். பேட்டரியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, துருத்தலை 40 மி.மீ. ஆக்கினேன். அது மட்டுமே 3.4 மடங்கு. தடிமனை 2.5 மி.மீ. ஆக்கியதில் இன்னொரு 4.6 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 15க்கு மேல். போதாக்குறைக்கு நான் மாற்றியது கார்பன் ஃபைபர் தகடு, அது கண்ணாடி ஃபைபரைவிட விறைப்பானது. இதற்கு எடை சில கிராம்தான் கூடியது. சிலர் தகட்டை மாற்றாமல் நடுவில் ஒரு ஸ்பேசர் வைத்து லேண்டிங் கியரோடு முட்டுக் கொடுப்பார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் லேண்டிங் கியர் ஆடாமல் இருக்க வேண்டும். (கார்பனை அறுக்கும்போது மாஸ்க் போடுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. மின்சாரமும் கடத்தும், சால்டர் முனைகள் மேல் படவிடாதீர்கள்.)

இப்போது ரப்பர். இங்கேதான் கேட்டவர் வழுக்கினார். தகடு எவ்வளவு விறைப்போ அவ்வளவு நல்லது, ரப்பர் அப்படி இல்லை, எடைக்கு ஏற்ற மென்மை வேண்டும். அளந்து பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கேமரா, கிம்பல் எடை ஏறும்போது ரப்பருக்குக் கீழே தொங்கும் கீழ்த்தகடு எவ்வளவு இறங்குகிறது என்று வெர்னியரில் பாருங்கள். 1 மி.மீ. இறங்கினால் அந்தத் தொங்கலின் இயல்பு அதிர்வெண் சுமார் 16 ஹெர்ட்ஸ். 0.1 மி.மீ. மட்டுமே என்றால் 50. ரப்பர் வேகமான அசைவுக்கு இன்னும் விறைப்பாக நிற்கும் என்பதால் நிஜத்தில் கொஞ்சம் கூடவே இருக்கும். 100 ஹெர்ட்ஸ் நடுக்கத்தை 16இல் ஆடும் தொங்கல் பெரும்பாலும் விழுங்கிவிடும். 50இல் ஆடுவது சுமார் மூன்றில் ஒரு பங்கை உள்ளே விட்டுவிடும். போல்ட் போட்டால் முழுசும் உள்ளே. அதற்காக ரொம்ப மென்மையாகப் போனால் ட்ரோன் திரும்பும்போதெல்லாம் கேமரா ஊஞ்சலாடும். நான் மூன்று விதக் குண்டுகள் வாங்கி, நடுத்தரத்தில் நின்றேன்.

இத்தனையும் செய்த பிறகும் எனக்கு ஒரு மெல்லிய நடுக்கம் பாக்கி இருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் வீடியோ கேபிள்! குட்டையான, தடித்த கேபிள், மேல்தகட்டிலிருந்து கேமராவுக்கு விறைப்பாகப் போனது. ரப்பர் தடுத்த அதிர்வெல்லாம் கேபிள் வழியே சுகமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. மெல்லிய சிலிக்கான் வயருக்கு மாற்றி ஒரு தளர்வான வளையம் விட்டதும் போய்விட்டது. குண்டு கழன்று கிம்பல் விழாமல் இருக்க சிலர் போடும் ஜிப் டையும் இதே வேலையைச் செய்யும். தளர்வாகப் போடுங்கள், அல்லது நைலான் கயிறு கட்டுங்கள்.

என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி) போடச் சொல்வார்கள். என்டி16 போட்டால் 1/2000 ஷட்டர் 1/125க்கு இறங்கி நெளிவு கண்ணுக்கு மறையும். அது மேலே போர்த்திய துணி, கடைசியில் போட்டுக்கொள்ளுங்கள்.

தகட்டை மாற்றியதும் கிம்பலின் பிஐடியை, அதாவது சாய்வை மோட்டார் எப்படித் திருத்த வேண்டும் என்ற அமைப்புகளை, மறுபடி ட்யூன் செய்யுங்கள். ஆடும் தகட்டில் கெயினை (திருத்தும் பலத்தை)க் கூட்டினால் என் மோட்டார்கள் 'கிர்ர்' என்று அலறும், இப்போது அதைவிடக் கூட்டியும் சத்தம் இல்லை. ரப்பர் குண்டுகளை மட்டும் அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். வெயிலில் ஒரு வருடம் பறந்ததில் என்னுடையவை இறுகிப் போய், தென்னை மரம் மறுபடி நெளிய ஆரம்பித்தது.