பத்து மாதக் குழந்தை நுனிக்காலில் நிற்கிறது: வாக்கரைத் தொடரலாமா?

தொடர வேண்டாம். சக்கரம் வைத்த அந்த வாக்கரின் இருக்கையை எவ்வளவு இறக்கினாலும் சரிவராது. வாக்கரைப் பரணில் ஏற்றிவிடுங்கள்.

இருக்கையைக் கீழே இறக்கிய பிறகும் குழந்தை நுனிக்காலிலேயே நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் அந்த இருக்கைதான். எடையை அது தாங்கிக்கொள்வதால் குதிகாலை ஊன்ற வேண்டிய அவசியமே வருவதில்லை. விரல் நுனியால் உந்தினால் போதும், வண்டி ஓடிவிடும்.

சில வாரங்கள் வெறுங்காலோடு தரையில் தவழவும், சோபாவைப் பிடித்து எழவும் விடுங்கள். இடையில் ஒன்றைப் பாருங்கள்: குழந்தை படுத்திருக்கும்போது முழங்காலை நீட்டி, பாதத்தை மெல்லக் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி மடக்குங்கள். எளிதாக மடங்கினால் கவலையில்லை. இறுக்கமாக இருந்தாலோ, ஒரு காலில் மட்டும் இப்படி என்றாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நுனிக்காலை விட எனக்குப் பயம் உங்கள் ஜெயநகர் வீட்டின் உள்மாடிப்படிதான். பளபளக்கும் கிரானைட் தரையில் வாக்கர் ஒரு நொடியில் மூன்று அடிக்கு மேல் பாயும். "நான் பக்கத்திலேயேதான் இருக்கிறேன்" என்பது உதவாது. எழுந்து ஓடுவதற்குள் படியை எட்டியிருக்கும். கனடா 2004இல் இதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. கை எட்டும் உயரமும் கூடுவதால் மேசையோரத்துக் காபி டம்ளரும் ஆபத்துதான்.

மாமியார் ஆசையாக வாங்கித் தந்தது என்பதுதான் சிக்கல், புரிகிறது. மருத்துவர் வேண்டாம் என்றதாகச் சொல்லுங்கள். மருத்துவரைக் கேட்டால் அவரும் அதையேதான் சொல்வார்.

நடை பழகும் புதிதில் நுனிக்கால் சகஜம். இரண்டு வயதுக்குப் பிறகும் தொடர்ந்தால், காலில் இறுக்கம் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.