விக்ராந்தின் பாய்லர் அறைக்காரர்கள்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

என் அப்பா 1971 பாகிஸ்தான் போரின்போது ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் பாய்லர் அறையில் வேலை பார்த்தவர். வயது 75-ஐத் தாண்டிவிட்டது. கூட இருந்தவர்களைப் பார்க்க வேண்டும் என்று அடிக்கடி சொல்கிறார். பெயர்களைக் கேட்டால் ஒன்றிரண்டுக்கு மேல் ஞாபகம் வரவில்லை. கப்பலையும் உடைத்தாகிவிட்டது. எங்கிருந்து தேடுவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கப்பலை உடைத்துவிட்டாலும் அதன் கதை இருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். ‘யார் யார் இருந்தீர்கள்?’ என்று கேட்டால் அது பரீட்சைக் கேள்வி மாதிரி ஆகிவிடும். ‘மூன்று பாய்லரை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

விக்ராந்தில் மொத்தம் நான்கு பாய்லர்கள். கப்பல் ஓடுவதே அவை தரும் நீராவியில்தான். போருக்கு முன்பே ஒன்றில் விரிசல். மற்ற மூன்றோடுதான் அந்தக் கப்பல் வங்காள விரிகுடாவுக்குப் போனது. வேகம் குறைந்துவிட்டது. விமானத்தைத் தளத்திலிருந்து உந்தி அனுப்பும் கேட்டபல்ட்டுக்கும் அதே பாய்லர்களின் நீராவிதான். அலிஸே போன்ற விமானம் கிளம்ப எதிர்க்காற்று வேண்டும். காற்று இல்லாத நாளில் கப்பல்தான் வேகமெடுத்து அதை உண்டாக்க வேண்டும். இருக்கிற நீராவியில் எதற்கு எவ்வளவு என்பது கீழே நின்றவர்களின் தினசரிக் கவலையாக இருந்திருக்கும். டிசம்பர் 4 அன்று விக்ராந்தின் சீ ஹாக் விமானங்கள், அப்போது கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவற்றைக் கிளப்பிய நீராவியைக் கொடுத்தவர்களைப் பற்றி மிகக் கொஞ்சமே கிடைக்கிறது. எனக்கு அது பெரிய குறையாகவே படுகிறது. அதனாலும் உங்கள் அப்பா பேச வேண்டும்.

அப்புறம் அந்தமானைப் பற்றிக் கேளுங்கள். பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விக்ராந்தைத் தேடி வந்தபோது, கப்பல் அந்தமான் பக்கம் மறைவாக நின்றது. காஸி விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கியது. அந்தச் செய்தி பாய்லர் அறைக்கு எப்படி வந்தது, யார் வந்து சொன்னார்கள்? இப்படிக் கேட்டால் ஆட்கள் தானாக வருவார்கள். முழுப்பெயர் வராது. பட்டப்பெயர், எந்த மெஸ், எந்த வாட்ச் (பணிநேர முறை), எந்த ஊர்க்காரர் என்று வரும். அவர் சொல்கிற வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், நீங்கள் திருத்த வேண்டாம்.

அதை ஒரு பக்கக் கடிதமாக்கி, மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள். யாருடைய முகவரியும் கேட்க வேண்டாம். உங்கள் கடிதத்தையும் போன் நம்பரையும் கடற்படைக்காரர்களிடம் சேர்க்க முடியுமா என்று மட்டும் கேளுங்கள். டிசம்பர் 4 கடற்படை நாள். அந்தப் போரில் நம் கடற்படை கராச்சியைத் தாக்கியதை நினைவுகூரும் நாள்தான் அது, ஆனாலும் விக்ராந்தில் இருந்தவர்களுக்கும் மறக்க முடியாத தேதி. அன்று பழைய கடற்படைக்காரர்கள் கூடும் இடம் பக்கத்தில் இருந்தால் அப்பாவைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஏதாவது ஒரு இடத்தில் அவர் பேச்சை நிறுத்தினால் மேலே கேட்காதீர்கள். போரில் இருந்தவர்கள் சிலவற்றைக் கூட இருந்தவரிடம் மட்டும்தான் பேசுவார்கள், பெற்ற பிள்ளையிடம்கூட இல்லை. முதல் ஆள் கிடைத்துப் போன் வந்ததும் அப்பா கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.