சாவடிக் கணக்கை வைத்துப் பெண்கள் ஓட்டைச் சொல்லலாமா?

வணக்கம். வேளச்சேரி தொகுதியின் படிவம் 20-இல் (சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற ஓட்டுகளின் பட்டியல்) பார்த்தால், பெண்கள் அதிகமுள்ள சாவடிகளில் ஒரு கட்சிக்கு ஓட்டு கூடியிருக்கிறது. அதனால் பெண்கள் அந்தக் கட்சிக்கே போட்டார்கள் என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். அங்கே அந்தக் கட்சிக்கு ஆண்கள் கூடுதலாகப் போட்டிருந்தாலும் அதே எண் வரலாம்.

கூட்டத்தின் எண்ணை வைத்துத் தனிமனிதரைச் சொல்ல முடியாது என்று சமூகவியலாளர் ராபின்சன் 1950-லேயே காட்டிவிட்டார். அமெரிக்காவில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவு கூடுதல். ஆளுக்கு ஆள் பார்த்தால் நேர் எதிர். காரணம், எழுத்தறிவு ஏற்கெனவே அதிகமிருந்த மாநிலங்களில் அவர்கள் குடியேறியிருந்தார்கள்.

முதலில் பெண்களின் ஓட்டு குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்ற எல்லைகளைக் கணக்கிடுங்கள். ஒரு சாவடியில் 1000 பேர் வாக்களித்தார்கள், அதில் 600 பேர் பெண்கள், கட்சிக்கு 700 ஓட்டு என்று வைத்துக்கொள்வோம். 400 ஆண்களும் அதற்கே போட்டிருந்தாலும் 300 ஓட்டாவது பெண்களுடையது. அதிகபட்சம் 600. அதாவது பெண்களில் 50 முதல் 100 சதவீதம் வரை எதுவும் இருக்கலாம்! அரசியல் அறிவியலாளர் கேரி கிங் 1997-இல் தந்த முறை இந்த எல்லைகளோடு புள்ளியியல் மாதிரியையும் சேர்க்கிறது. ஆனால் அதன் அனுமானங்களை நீங்கள் வெளிப்படையாக எழுத வேண்டும்.

இன்னொன்று. வாக்குச்சாவடிப் பட்டியலில் ‘பெண்கள் மட்டும்’ என்று குறித்த சாவடி உங்கள் தொகுதியில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்த எண்ணில் ஊகமே வேண்டாம், அது பெண்களின் ஓட்டேதான். பக்கத்து ‘ஆண்கள் மட்டும்’ சாவடியோடு ஒப்பிட்டு, அதையே உங்கள் முதல் அட்டவணையாகப் போடுங்கள்.