அப்பா கட்டும் அபராதம்

கேள்வி: சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் குடியிருப்பில் பெற்றோருடன் வசிக்கிறேன். வீடு மாற்றித் தரும் தொழிலுக்காக 24 அடி லாரி ஓட்டுகிறேன். லாரி நிறுத்த கிராஞ்சியில் மாதக் கட்டணம் செலுத்தி இடம் எடுத்திருந்தாலும், விடியற்காலை 4 மணிக்கே கிளம்ப வேண்டியிருப்பதால் இரவில் எங்கள் புளோக்கை ஒட்டிய சாலையோரத்தில் நிறுத்துகிறேன். இரண்டாம் மாடிக்காரர் குடியிருப்பாளர் புகார்களுக்கான ஒன்சர்வீஸ் செயலியில் ஓயாமல் புகார் கொடுக்கிறார். அபராதம் ஒன்றும் பெரிதில்லை. லாரி அப்பா பெயரில் இருப்பதால் கடிதம் அவருக்குத்தான் வரும், அவரே ஏஎக்ஸ்எஸ் கட்டண இயந்திரத்தில் கட்டிவிடுவார். ஒரே புளோக்கில் இருந்துகொண்டு இப்படிச் செய்பவரை எப்படித் திருத்துவது?

பதில்: இரண்டாம் மாடிக்காரரைச் சற்று ஒதுக்கி வைப்போம், தம்பி. 'அவரே கட்டிவிடுவார்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. தாம் ஓட்டாத வண்டிக்காக, தாம் செய்யாத குற்றத்துக்காக, வயதான ஒரு மனிதர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த இயந்திரத்தின் முன் நிற்கிறார். நீங்களோ அதைச் செலவுக் கணக்கில் சேர்த்துவிட்டுப் பெரிதில்லை என்கிறீர்கள். சட்டம் முதலில் தேடுவது வண்டியின் பதிவு உரிமையாளரை. அன்று ஓட்டியவர் யார் என்று கேட்டால் சொல்ல வேண்டிய பொறுப்பும் அவருடையதே. 'என் மகன்' என்று எழுதிக் கொடுக்க மனம் வராமல்தான் அவர் கட்டுகிறார் என்பது உங்களுக்குத் தெரியாதா? ஒரு கடிதம் அவர் கண்ணில் படாமல் போய் விவகாரம் நீதிமன்றத்தை எட்டினால், அங்கே கூப்பிடப்படும் பெயரும் உங்களுடையதாக இருக்காது. பெற்றவர் பெயரில் தொழில் தொடங்குவதில் தவறில்லை; அந்தப் பெயரை இரவெல்லாம் சாலையோரத்தில் நிறுத்திவைப்பதை என்னால் ஏற்க முடியாது.

விதியைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. மொத்த எடை 5,000 கிலோவுக்கு மேற்பட்ட சரக்கு வாகனத்தை நிறுத்த இடம் உண்டு என்ற சான்றிதழ் இல்லாமல், சாலை வரியைப் புதுப்பிக்க நிலப் போக்குவரத்து ஆணையம் விடாது. அதற்காகத்தான் கிராஞ்சியில் இடம் எடுத்தீர்கள். ஆக, காகிதத்தில் லாரி கிராஞ்சியில் உறங்குகிறது, உண்மையில் அடுத்தவர் சன்னலுக்குக் கீழே கிடக்கிறது. (4 மணிக்கு நீங்கள் அதை முடுக்கும்போது அந்த வீட்டில் யார் யார் விழித்துக்கொள்கிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?) கிராஞ்சியிலிருந்து உட்லண்ட்ஸ் இரண்டாவது ரயில் நிலையம். அந்த நேரத்தில் ரயில் ஓடாது என்பீர்கள். உண்மைதான், சைக்கிள் ஓடும்.

இன்றிரவே லாரியைக் கிராஞ்சியில் கொண்டுபோய் விடுங்கள். பிறகு வண்டியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இனி வரும் கடிதம் எதுவானாலும் உங்கள் பெயருக்கே வரட்டும். இதுவரை எவ்வளவு கட்டினார் என்று அப்பாவிடம் கேட்டு, ஒரு வெள்ளி குறையாமல் அவர் கையில் கொடுங்கள். வேண்டாம் என்பார்; வற்புறுத்துங்கள். இரண்டாம் மாடிக்காரரை மின்தூக்கியில் பார்த்தால் மன்னிப்புக் கேளுங்கள்.